சல்வா சாலையின் மறுமுனை

தோஹா நகரிலிருந்து தென்மேற்காகப் புறப்படும் சல்வா சாலை, கார் விற்பனைக் கூடங்களையும் தொழிற்பேட்டையையும் கடந்து, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பாலைவனத்தின் ஊடே ஓடி, அபூ சம்ரா சோதனைச் சாவடியில் முடிகிறது. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரைவழி எல்லை அதுதான். அதற்கு அப்பால் சவூதி அரேபியாவின் சல்வா. அங்கிருந்து ஹுஃபூஃப் வழியாகப் போனால் தம்மாம். 2015 முதல் 2017 வரை அந்தப் பாதையின் ஒரு முனையில் நான் படித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் எங்கள் வீடு இருந்தது.

அப்பா தம்மாமில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பொறியாளர். நானும் தம்பியும் வளர்ந்தது அங்கேதான். வளைகுடாவில் வளரும் எங்களைப் போன்ற பிள்ளைகள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் சேர்வதே வழக்கம். எனக்குத் தோஹாவின் எஜுகேஷன் சிட்டியில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளை வளாகத்தில் இடம் கிடைத்தது. கட்டணத்தின் பெரும்பகுதிக்குக் கத்தார் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் கிடைத்தது. இவை இரண்டும் இருந்தும் வீட்டில் சம்மதம் வாங்கித் தந்தது மூன்றாவது காரணம்தான். "சென்னையில சேத்தா வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கலாம். தோஹான்னா காரை எடுத்தா நாலரை மணி நேரம்" என்று அப்பா கணக்குச் சொன்னார். சவூதியில் தங்கும் அனுமதி அட்டையான அவருடைய இக்காமாவில் தொழில் 'பொறியாளர்' என்று பதிவாகியிருந்ததால், அபூ சம்ராவிலேயே கத்தார் விசா கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது வியாழக்கிழமை வேலை முடிந்து புறப்பட்டு, ஹுஃபூஃபில் ஒரு டீ குடித்து, நள்ளிரவுக்குச் சற்று முன்பு விடுதி வாசலில் வந்து நிற்பார். பின்சீட்டில் அம்மா கொடுத்தனுப்பிய பொடி டப்பாக்களும், தம்பிக்குச் சிறிதாகிப்போன ஒரு போர்வையும் இருக்கும்.

என் பெயரிலும் ஓர் இக்காமா உயிரோடு இருந்தது. வளைகுடாக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகத் தெரியும். பிள்ளை வெளியே படித்தாலும் பெற்றோரைச் சார்ந்தவர் என்ற டெபென்டன்ட் இக்காமாவை ரத்து செய்யாமல், வெளியே போய்த் திரும்பிவர ஆறு மாத ரீ-என்ட்ரி விசா அடித்து, அது முடிவதற்குள் விடுமுறையில் ஒரு முறை உள்ளே வந்து, மறுபடியும் அடித்துக்கொண்டு வெளியேறுவது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் போல, அந்த அட்டைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்வந்துகொண்டிருந்தேன்.

2017 மே 24 அன்று நள்ளிரவுக்குப் பிறகு, கத்தார் செய்தி முகமையின் இணையதளம் ஊடுருவப்பட்டு, நாட்டின் ஆட்சியாளரான அமீர் ஷேக் தமீம் சொன்னதாகச் சில வாசகங்கள் அதில் வெளியாயின. அவை போலியானவை என்று கத்தார் உடனே மறுத்தது. ஆனால் சவூதி, அமீரகத் தொலைக்காட்சிகள் மறுப்பைப் பொருட்படுத்தாமல் அந்த வாசகங்களைத் தொடர்ந்து ஒளிபரப்பின. அந்த வாரமே இரு நாடுகளிலும் கத்தாரின் அல் ஜஸீரா தொலைக்காட்சியின் இணையதளம் முடக்கப்பட்டது. அண்டை நாடுகளுக்குள் அவ்வப்போது எழும் பிணக்கு, ஈத் பெருநாளுக்குள் யாராவது ஒரு ஷேக் விமானம் ஏறி வந்து மூக்கோடு மூக்கு உரசினால் சரியாகிவிடும் என்றுதான் விடுதியில் எல்லோரும் பேசிக்கொண்டோம். 2014இல் தூதர்களைத் திரும்ப அழைத்த கதை அப்படித்தான் முடிந்திருந்தது.

ஜூன் 5, திங்கட்கிழமை. ரமலான் மாதத்தின் பத்தாம் நாள். விடியற்காலையில் முதலில் பஹ்ரைன், அடுத்தடுத்துச் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து என நான்கு நாடுகள் கத்தாருடனான தூதரக உறவை முறித்துக்கொண்டன. தரை, கடல், வான் ஆகிய மூன்று வழிகளும் மூடப்பட்டன. வளைகுடா நாடுகள் மூன்றும் தங்கள் குடிமக்கள் 14 நாட்களுக்குள் கத்தாரைவிட்டு வெளியேற வேண்டும் என்றும், தங்கள் மண்ணில் இருக்கும் கத்தாரியர் அதே கெடுவுக்குள் கிளம்பிவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டன. எகிப்து மட்டும் தன் மக்களைத் திரும்ப அழைக்கவில்லை. லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே சம்பாதித்துக்கொண்டிருக்கையில் எந்த அரசுதான் அழைக்கும்?

அன்று காலை கடைகளில் பாலுக்கும் கோழிக்கும் ஏற்பட்ட நெரிசலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் அலமாரிகள் நிரம்பின என்பதையும், சவூதியின் அல்மராய் பால் இருந்த இடத்தில் துருக்கியிலிருந்து விமானத்தில் வந்த பெட்டிகள் அடுக்கப்பட்டதையும், 'ஸ்யூத்' என்றால் பால் என்று நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டதையும் மட்டும் குறித்துவிட்டு நகர்கிறேன். ஜூலையில் கத்தார் ஏர்வேஸ் சரக்கு விமானத்தில் 165 கறவை மாடுகள் வந்திறங்கின. கத்தாரின் பலத்னா பண்ணையின் உரிமையாளர் 4,000 மாடுகளைக் கொண்டுவரப்போவதாக அறிவித்திருந்தார். உலகப் பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி அது. வசதி உள்ள நாட்டின் மீது விதிக்கப்பட்ட முற்றுகை என்பதால், அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. இந்த நெருக்கடி எங்களைத் தொட்ட இடம் வயிறு அல்ல என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அறைத்தோழி பஹ்ரைன்காரி. கோடைக்காலப் பாடம் ஒன்றுக்காக அவளும், பேராசிரியர் ஒருவரின் ஆய்வில் உதவியாளர் வேலைக்காக நானும் விடுதியில் தங்கியிருந்தோம். செய்தி வந்த முதல் இரண்டு நாட்கள் அவள் எதுவும் சொல்லவில்லை. ஜூன் 7 அன்று, கத்தாருக்கு ஆதரவாகவோ அனுதாபமாகவோ சமூக வலைத்தளத்தில் எழுதினால் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறையும், 5 லட்சம் திர்ஹாமுக்குக் குறையாத அபராதமும் உண்டு என்று அமீரகத்தின் தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். மறுநாள் பஹ்ரைனும் 5 ஆண்டு வரை சிறை என்றது. அன்று மாலை அவள் தன் கைப்பேசியைத் திறந்து, இரண்டு ஆண்டுகளாக எங்கள் வளாகத்தில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள். அவற்றில் அரசியல் ஏதும் இல்லை. ஒரு படத்தில் நாங்கள் இருவரும் கத்தார் தேசிய தினத்தன்று கோர்னிஷ் கடற்கரையில் நிற்கிறோம். பின்னால் கொடி தெரிகிறது. அதைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். கொடி மட்டும் தெரியாதபடி படத்தை வெட்டிப் பார்த்தாள். என் தோளும் சேர்ந்து போனது. பிறகு முழுப் படத்தையுமே நீக்கிவிட்டாள். அனுதாபத்தைக் குற்றமாக்கும் சட்டம் ஓர் இருபது வயதுப் பெண்ணின் கட்டைவிரலில் எப்படி இறங்குகிறது என்பதை நான் அரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரும்புகிறவர்கள் தங்கலாம், யாரையும் வெளியேற்ற மாட்டோம் என்று கத்தார் உள்துறை அமைச்சகம் ஜூன் 11 அன்று அறிவித்தது. அவளுக்கு அது உதவவில்லை. தங்கினால் திரும்பிப்போகும் நாடு என்ன செய்யும் என்பதுதான் அவளுடைய கேள்வி. கெடு முடிய நான்கு நாட்கள் இருக்கையில் மஸ்கட் வழியாகப் பயணச்சீட்டு வாங்கினாள். நேராகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம், காத்திருப்போடு சேர்த்து அரை நாள் ஆனது. புறப்படும் முன் பதிவாளர் அலுவலகத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய், அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் ஆறு பிரதிகள் கேட்டாள். ஒவ்வொன்றும் மூடி முத்திரையிட்ட உறையில் வந்தது. "எதற்கு ஆறு?" என்று கேட்டேன். மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க மூன்று, தொலைந்துபோனால் ஒன்று, வீட்டில் வைக்க ஒன்று என்றவள், ஆறாவதற்குக் காரணம் சொல்லவில்லை. குளிர்பெட்டியில் அவள் தட்டில் பாதி குடித்த லபன் மோர்ப் புட்டி ஒன்று இருந்தது. அல்மராய். அதைக் கொட்டிவிட எனக்குப் பத்து நாட்களுக்கு மேல் ஆனது. சவூதியும் கத்தாரும் 2021இல் சமாதானமான பிறகும் பஹ்ரைனும் கத்தாரும் உறவைப் புதுப்பிக்க 2023 ஏப்ரல் வரை ஆயிற்று. இரு நாடுகளுக்கும் இடையில் விமானம் மீண்டும் பறந்தது அந்த ஆண்டு மே மாதத்தில்தான். அதற்குள் அவள் வேறொரு நாட்டில் பட்டம் பெற்று, வேலைக்கும் போய்விட்டிருந்தாள்.

அவள் எதற்காக அந்த உறைகளைப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்கு ஓராண்டு கழித்து விளங்கியது. அமீரகத்திலும் சவூதியிலும் எகிப்திலும் படித்துக்கொண்டிருந்த கத்தாரிய மாணவர்கள் பலர், தேர்வு எழுத முடியாமலும் சான்றிதழ்களைப் பெற முடியாமலும் திரும்பியிருந்தார்கள். கத்தாரின் தேசிய மனித உரிமைக் குழு அந்தப் புகார்களைத் திரட்டியது. 2017 நவம்பரில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் குழு ஒன்றும் தோஹாவுக்கு வந்து விசாரித்தது. 2018 ஜூன் 11 அன்று, இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் கீழ் அமீரகத்துக்கு எதிராகக் கத்தார் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஜூலை 23 அன்று வந்த இடைக்கால உத்தரவைப் படித்தபோது எனக்குச் சற்றுத் திகைப்பாக இருந்தது. நாடுகளின் கடல் எல்லைகளையும் இனப்படுகொலைகளையும் விசாரிக்கும் அந்த நீதிமன்றம், 8க்கு 7 என்ற வாக்குகளில், பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேர வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட கத்தாரிய மாணவர்கள் அமீரகத்தில் படிப்பை முடிக்கவோ, வேறிடத்தில் தொடர விரும்பினால் தங்கள் கல்வி ஆவணங்களைப் பெறவோ வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டிருந்தது. ஒரு மதிப்பெண் பட்டியலை வாங்கித் தர, உலகின் மிக உயர்ந்த நீதிபதிகள் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 4 அன்று அதே நீதிமன்றம், உடன்படிக்கை சொல்லும் 'தேசிய வம்சாவளி' என்பது ஒருவரின் தற்போதைய குடியுரிமையைக் குறிக்காது, எனவே வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 11க்கு 6 என்ற வாக்குகளில் தீர்ப்பளித்து முடித்துவிட்டது.

அந்த இடைக்கால உத்தரவை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்ததற்குக் காரணம், அதில் எனக்கு ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லை, இருக்கவும் நியாயமில்லை. வளைகுடா நாடுகள் மூன்றும் வெளியிட்ட அறிவிப்புகளில் அவர்களுடைய குடிமக்கள் இருந்தார்கள், கத்தாரியர் இருந்தார்கள். ஜூன் 22 அன்று நான்கு நாடுகளும் கத்தாரிடம் கொடுத்த 13 கோரிக்கைகளில் அல் ஜஸீரா இருந்தது, துருக்கிப் படைத்தளம் இருந்தது, ஈரான் இருந்தது. கத்தாரில் பெரும்பான்மையினரும் சவூதியில் மூன்றில் ஒரு பங்கினரும் வெளிநாட்டவராக இருந்தும், நாங்கள் எங்கும் இல்லை. கத்தாரில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தோம். இது வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் உள் விவகாரம், நமக்குக் கவலை அங்குள்ள இந்தியர்களைப் பற்றியது மட்டுமே என்ற பொருளில் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் பேசினார். பெருநாள் விடுமுறைக்கு ஊர் திரும்ப முடியாமல் தவித்தவர்களுக்காகக் கேரளத்துக்குக் கூடுதல் விமானங்களும் விட்டார்கள். ஆனால் வீடு இந்தியாவில் இல்லாமல் தம்மாமில் இருக்கும் இந்தியருக்கு எந்த விமானத்தை விடுவது? எங்களை நேரடியாகக் குறிப்பிட்டு நான் கண்ட ஒரே வரி, கத்தாரில் தங்கும் அனுமதி வைத்திருக்கும் அயல்நாட்டவருக்கு இனி அமீரகத்தில் வந்திறங்கியதும் விசா கிடையாது என்பதுதான். ஆணையில் பெயர் இருந்தவர்களுக்கு, பறிபோனது இன்னதென்று சொல்லி முறையிட ஓர் இடமாவது இருந்தது. பெயர் இல்லாதவர்களுக்கு யாரும் எதையும் தடை செய்யவில்லை, வழிதான் இல்லை.

எழுதப்படாத அந்த இடத்தை அச்சம் வந்து நிரப்பியது. என் ரீ-என்ட்ரி விசா ஆகஸ்டில் முடிவதாக இருந்தது. குவைத் வழியாக தம்மாமுக்குப் போகலாமா என்று கேட்டபோது, டிராவல்ஸ்காரர் ஒரு நாள் "தாராளமா போலாம்" என்றார். மறுநாள் "கத்தார் பதாகா வச்சிருக்கறவங்கள உள்ள விடறதில்லையாம்" என்றார்; பதாகா என்பது கத்தாரில் தங்கும் அனுமதி அட்டை. மூன்றாம் நாள் தொலைபேசியையே எடுக்கவில்லை. அப்பா குவைத் வழியாகத் தோஹாவுக்கு வரத் தடை இருந்ததா? யாரும் காட்டியதில்லை. ஆனால் கடவுச்சீட்டில் இப்போது புதிதாகக் கத்தார் முத்திரை விழுவது நல்லதல்ல என்று அலுவலகத்தில் யாரோ அவரிடம் சொன்னார்கள். இருபது ஆண்டு வேலையில் 'யாரோ சொன்னார்கள்' என்பதை அலட்சியம் செய்யாமல் இருந்ததால்தான் தன் இக்காமா இன்னும் புதுப்பிக்கப்படுகிறது என்று நம்புகிறவர் அவர். அவரை நான் வற்புறுத்தவில்லை.

தொலைபேசி வேலை செய்தது. ஆனால் பேச்சு மாறியது. அதுவரை அரசியல் பேசாமல் ஒரு நாளும் இருக்க முடியாத மனிதர், "சாப்பிட்டியாம்மா? ஏசி குளிருதா? தம்பி கணக்குல எழுபத்தெட்டு" என்பதற்கு மேல் போகமாட்டார். கத்தார் என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லை. "அங்க" என்பார். நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "சரி சரி, நல்லா படி" என்று முடித்துவிடுவார். வாரம் ஒரு முறை நாங்கள் இருவரும் வெப்பநிலையைப் பரிமாறிக்கொண்டோம். இரண்டு ஊர்களிலும் ஒரே வெயில்தான், நாற்பத்தைந்து டிகிரி.

வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கியபோது வளாகம் எப்போதும்போல இருந்தது. சுவர்களிலும் கார்களிலும் கட்டடங்களிலும் ஓவியர் அஹமது அல் மஆதீத் வரைந்த 'தமீம் அல் மஜ்த்' என்ற அமீரின் கறுப்பு வெள்ளைச் சித்திரம் முளைத்திருந்தது. பெரிய பலகைகளில் அதை அச்சிட்டு வைக்க, மக்கள் வரிசையில் நின்று வாழ்த்து எழுதிக் கையெழுத்திட்டார்கள். நானும் ஒரு முறை பேனாவை வாங்கிவிட்டு, அப்பாவின் நினைவு வந்து, பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் அமெரிக்கப் பேராசிரியர்கள் வேறொரு விதத்தில் சங்கடப்பட்டார்கள்: அவர்களுடைய அதிபர் ஜூன் 6 அன்று இந்த முற்றுகையைப் பாராட்டி ட்வீட் செய்திருந்தார், அவர்களுடைய நாட்டின் படைவீரர்கள் சுமார் பத்தாயிரம் பேர் அல் உதெய்த் தளத்தில், எங்கள் வகுப்பறையிலிருந்து காரில் போகும் தொலைவில் இருந்தார்கள். சர்வதேச உறவுகள் பாடத்தில் 'சிறிய நாடுகளின் வெளியுறவுக் கொள்கை' என்ற அத்தியாயம் வந்தபோது, பேராசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சன்னலைப் பார்த்தார். சவூதி மாணவன் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. எகிப்து மாணவி தன் குறிப்பேட்டில் எதையோ மும்முரமாக எழுதினாள். யாரும் பதில் சொல்லவில்லை. உரையாடலுக்கென்றே மதிப்பெண் ஒதுக்கப்பட்ட பாடம் அது.

அந்த மாதம் ஊருக்குப் போய் வந்தேன். கத்தார் விமானங்களுக்குச் சவூதி, அமீரக வான்வெளிகள் மூடப்பட்டிருந்ததால், சென்னை விமானம் முதலில் வடக்கே ஏறி, கடலைக் கடந்து, ஈரான் கரையை ஒட்டி வளைந்து சென்றது. முன்னிருக்கையின் பின்புறத் திரையில் அந்தக் கோடு வளைவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தம்மாம் என்ற பெயர் திரையின் இடது ஓரத்தில் கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்தது. பாட்டி வீட்டில் இருந்த நாட்களில், என் ரீ-என்ட்ரி விசா காலாவதியாயிற்று.

அந்த இக்காமாவை மீட்க அப்பா முயலாமல் விட்டதற்கு வேறொரு கணக்கும் உண்டு. அதே 2017 ஜூலை 1 முதல், சவூதி அரசு டெபென்டன்ட் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்ற கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 100 ரியால் கூடி 2020இல் 400 ஆகும் என்பது திட்டம். கத்தார் விவகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டும் எங்கள் வீட்டுக்கு ஒரே கோடையில் வந்து சேர்ந்தன. அம்மா, தம்பி, நான் என மூன்று பேருக்கு மாதம் 300, பிறகு 600, பிறகு 900, பிறகு 1,200; இக்காமா புதுப்பிக்கும்போது ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்பா இதை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். என் பெயருக்கு நேரே தொகை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தார். வர முடியாத பிள்ளைக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்?

2018 மார்ச்சில் தம்பியின் தேர்வு முடிந்ததும் அம்மாவும் அவனும் ஃபைனல் எக்ஸிட்டில், அதாவது இக்காமாவை முடித்துக்கொண்டு, ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா நிறுவனத்தின் பேச்சிலர் அறைக்கு மாறினார். பதினேழு ஆண்டுகள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது நான் தோஹாவில் ஒரு பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு மூன்று சாவிகள். அப்பாவும் அம்மாவும் தங்களுடையவற்றைக் கொடுத்தார்கள். மூன்றாவது என் பையில், எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தது. பூட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி வீட்டுக்காரர் முன்பணத்தில் 80 ரியால் பிடித்துக்கொண்டார். "மூணாவது சாவி எங்கன்னு கேட்டாரு. பொண்ணுகிட்ட இருக்குன்னேன். பொண்ணு எங்கன்னு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். என்ன பதில் சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவை நான் நேரில் பார்த்தது அந்த ஆண்டு ஜூலையில், ஊரில். பதினாறு மாதங்களுக்குப் பிறகு.

2019இல் பட்டம் வாங்கினேன். கடனில் ஒரு பகுதியைக் கத்தாரிலேயே வேலை பார்த்துக் கழிக்கலாம் என்பதால் தோஹாவிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். அதே ஆண்டு அப்பாவும் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். 2021 ஜனவரி 4 அன்று இரவு, எல்லை திறக்கப்படுவதாகக் குவைத் வெளியுறவு அமைச்சர் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் சவூதியின் அல் உலாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சவூதிப் பட்டத்து இளவரசர் விமானத்தின் அடியில் நின்று ஷேக் தமீமைக் கட்டித் தழுவியதை எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. தோஹாவில் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டே போயின.

அப்பா தொலைபேசியில் அழைத்தார். மூன்றரை ஆண்டுகளில் முதல் முறையாக, "கத்தார்ல என்ன பேசிக்கறாங்க?" என்று கேட்டார். சொன்னேன். சாவடியில் வண்டிகள் இந்நேரம் வரிசை கட்டியிருக்கும் என்றார். ஹுஃபூஃபில் அந்த டீக்கடை இருக்குமா, கொரோனாவில் மூடியிருப்பார்களா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. பின்னணியில் ஊர்த் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க டீக்கு நிறுத்தலன்னா நாலே கால்லயே வந்துடலாம்மா" என்றார்.